மூடி தெரிய வேண்டும்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம். இன்று காலை வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடந்தவர்களிடம், வழியில் எத்தனை மேன்ஹோல் மூடிகளைத் தாண்டி வந்தீர்கள் என்று கேட்டால், பெரும்பாலோர் எண்ணியிருக்க மாட்டீர்கள். கழிவுநீர்க் குழாய்ப் பணியில் பொறியாளராக முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த எனக்கு, ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் இறங்கினால் கண் முதலில் அங்கேதான் போகிறது. நாம் பாதாளச் சாக்கடை என்று சொல்கிற அமைப்பில், மேலே நடப்பவருக்குத் தெரிவது அந்த மூடி ஒன்றுதான். அது தெரிய வேண்டும், திறக்க வர வேண்டும் என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

மூடி ஏன் வட்டமாக இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். உங்கள் சமையலறையில் உள்ள எவர்சில்வர் சம்புடத்தை எடுத்துப் பாருங்கள். அதன் வட்ட மூடியை எப்படித் திருப்பினாலும் அது சம்புடத்துக்குள் விழாது; சதுர டப்பாவின் மூடியை மூலைவாட்டில் சாய்த்தால் உள்ளே போய்விடும். கீழே வேலை நடக்கும்போது கனத்த மூடி உள்ளே விழாமலிருக்க அந்த வட்டமே காவல்.

வீட்டுக் குழாயில் வரும் குடிநீரைப் போலக் கழிவுநீர் அழுத்தத்தில் ஓடுவதில்லை. குழாயைச் சரிவாகப் பதித்திருப்பதால் அது தானாகவே ஓடுகிறது. வினாடிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வேகமாவது இருந்தால்தான் மணலும் கசடும் அடித்துச் செல்லப்படும். வேகம் குறைந்தால் அவை அடியில் தங்கிவிடும். சென்னை தட்டையான கடலோர நகரம். ஆகவே குழாய் ஆழத்துக்கு இறங்கிக்கொண்டே போய், உந்து நிலையத்தில் கழிவுநீர் மேலே ஏற்றப்பட்டு, மீண்டும் சரிவில் விடப்பட்டு, கடைசியில் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி போன்ற சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போய்ச் சேர்கிறது. குழாய் திரும்பும் இடம், இரண்டு குழாய்கள் கூடும் இடம், சரிவு மாறும் இடம் ஒவ்வொன்றிலும் மேன்ஹோல் என்ற தொட்டி ஒன்று உண்டு; நாம் மேலே பார்க்கும் மூடி அதன் வாயை மூடியிருப்பதுதான். நேராகச் செல்லும் சிறிய குழாயில்கூடச் சுமார் 30 மீட்டருக்கு ஒன்று அமைப்பார்கள். அடைப்பு எடுக்க வேறு வழி கிடையாது என்பதே இதற்குக் காரணம். தியாகராய நகரின் மேட்லி சாலையில் போகும்போது, அந்தப் பெயருக்கு உரிய பொறியாளர் மேட்லி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையின் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் திட்டம் வகுத்தவர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி, நான் மறக்க முடியாத ஒரு பகலைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தெருவில் கழிவுநீர் பொங்கி வீட்டு வாசல்களில் நின்றுவிட்டது. அடைப்பு நீக்கும் ஜெட்ராடிங் வண்டி வந்து நின்றது. ஆனால் குழலை இறக்க மூடியைக் காணோம். வரைபடத்தில் தொட்டி இருந்தது, தெருவில் இல்லை. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தாரைப் போட்டு, மூடியைச் சாலைக்குள் புதைத்துவிட்டிருந்தார்கள். எங்களோடு இருந்த மூத்த தொழிலாளர் ஒருவர் வரைபடத்தை ஓரமாக வைக்கச் சொன்னார். கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து, அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே நடந்தார்; ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்து, காதைக் கொடுத்துக் கேட்டார். திடமான தரையில் 'தொப்' என்று அடங்கிய ஓசை, ஓரிடத்தில் பானையைத் தட்டினாற்போல 'டங்' என்று கேட்டது. "இங்கதான் சார் இருக்கு" என்றார். வெட்டிப் பார்த்தோம், நான்கு விரற்கடைத் தாருக்குக் கீழே மூடி இருந்தது. அதைக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் போயிற்று. அடைப்பு எடுக்க இருபது நிமிடம்தான் ஆயிற்று. அன்று இரவு அந்தத் தெருவுக்கு நான் மீண்டும் போய், வெட்டிய இடத்தைச் சுற்றி எரியும் சிவப்பு விளக்கை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூடி புதைந்தால் இயந்திரம் இறங்க முடியாது. இயந்திரம் இறங்க முடியாதபோது, எங்கேயோ திறந்திருக்கும் தொட்டியில் ஒரு மனிதரை இறக்கிவிடத் துணிகிறார்கள். உள்ளே ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு தேங்கியிருக்கலாம். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே அது மழுங்கடித்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழுவார். காப்பாற்ற இறங்குகிறவரும் அப்படியே விழுவார். மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடை செய்து 2013இல் சட்டம் வந்தது. இவ்வகை மரணத்துக்கு 2014இல் 10 லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் குறித்த இழப்பீட்டை, அதே நீதிமன்றம் 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அரசு ஏடுகளில் 'ஆள்நுழைவாயில்' என்றிருந்ததை 'இயந்திர நுழைவாயில்' என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர் மாறியது எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மூடியே தாருக்குள் இருந்தால் எந்த இயந்திரம் அதற்குள் நுழையும்?

மழைநீர் வடிகாலையும் கழிவுநீர்க் குழாயையும் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நேரம் நெருங்கிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சென்னையில் இரண்டும் வேறு வேறு. தெருவில் தண்ணீர் நின்றால் மேன்ஹோலைத் திறந்துவிடாதீர்கள். மழைநீர் புகுந்தால் கழிவுநீர் வீடுகளுக்குள் எதிர்த்துக்கொண்டு வரும். திறந்த குழி வெள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாது. 2017 ஆகஸ்டு 29 அன்று மும்பைப் பெருமழையில் அப்படித் திறந்திருந்த குழியில் விழுந்து ஒரு மருத்துவர் இறந்தார். உங்கள் தெருவில் கழிவுநீர் மூடி உடைந்திருந்தாலும் தாருக்குள் புதைந்திருந்தாலும் குடிநீர் வாரியத்தின் 1916 என்ற எண்ணுக்கும், மழைநீர் வடிகால் மூடியானால் மாநகராட்சியின் 1913 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். பக்கத்தில் உள்ள கதவு எண்ணையும் சேர்த்துச் சொன்னால் தேடி வருகிறவர்களுக்கு எளிதாக இருக்கும். வணக்கம்.