வலை பின்னாத பச்சைச் சிலந்தி

அடுத்த கேள்வி. "பூச்செடியில் இலை நிறத்திலேயே ஒரு சிலந்தி இருக்கிறது. பல நாளாகப் பார்க்கிறேன், வலையைக் காணோம். பிறகு எப்படி இரை பிடிக்கும்? கடித்தால் ஆபத்தா?" என்று நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார், படமும் அனுப்பியிருக்கிறார்.

படத்தில் காலைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெளிறிய காலில் கறுப்பு முட்கள் குத்திட்டு நிற்கின்றன, இல்லையா? இது பச்சை லிங்க்ஸ் சிலந்தி. பேரினப் பெயர் பியூசீஷியா. வலை கட்டிக் காத்திருக்கிற வகை இல்லை, பாய்ந்து பிடிக்கிற வகை. எட்டுக் கண்களில் ஆறு, தலை உச்சியில் அறுகோணமாக அமைந்திருக்கும். பூவுக்குப் பக்கத்தில் முன்கால்களை நீட்டியபடி அசையாமல் உட்கார்ந்திருக்கும். தேனீயோ அந்துப்பூச்சியோ வந்து இறங்கியதும் ஒரே தாவல். முள்கால்கள் கூண்டு மாதிரி மூடிக்கொள்ளும், உடனே கடி. தேனீயையும் தின்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் பருத்திச் செடியைக் கெடுக்கும் புழுக்களின் அந்துப்பூச்சிகளையும் இதுதான் பிடிக்கிறது. கொன்றுவிடாதீர்கள்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் உள்ள விரிடன்ஸ் என்ற இனத்தில், பெண் சிலந்தி இருக்கும் இடத்துக்கு ஏற்ப மெல்ல நிறம் மாறும். பச்சோந்தி மாதிரி நினைத்தவுடன் இல்லை, இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும்.

சரி, கடி? தானாக வந்து கடிக்காது. கையில் நசுங்கினால் கடிக்கலாம். வலிக்கும், வீங்கும், உயிருக்கு ஆபத்தில்லை. அந்த விரிடன்ஸ் இனத்தில் முட்டைப்பையைக் காக்கிற தாய் மட்டும் நச்சைப் பீய்ச்சி அடிக்கும், கண்ணில் பட்டால் எரியும். அதனால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

வலை இல்லை என்றால் நூலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தாவும்போது பின்னால் ஒரு இழையை ஒட்டிக்கொண்டுதான் தாவும். தவறினாலும் தரையில் விழாது. மிச்ச நூலையெல்லாம் முட்டைப்பைக்குத்தான் கொட்டுகிறது. வைக்கோல் நிறத்தில், உருண்டையாக, மேலே சின்னச் சின்னக் கூம்புகளோடு இருக்கும். உள்ளே பளிச்சென்ற ஆரஞ்சு முட்டைகள், சுமார் 200 கூட இருக்கலாம். சுற்றிலும் இலைக்கும் தண்டுக்கும் இழைகள் இழுத்துக் கட்டியிருக்கும். தாய் அந்தப் பையை அணைத்தபடி தலைகீழாகத் தொங்கும். எறும்பு வந்தால் விரட்டும். குஞ்சுகள் வெளியே வரும் நேரத்தில் தானே பையைப் பிய்த்துத் திறந்துவிடும்.

உங்கள் படத்தில் வயிறு பெருத்திருக்கிறது. முட்டையிடும் நேரமாக இருக்கலாம். அந்தக் கிளையை மட்டும் கொஞ்ச நாள் வெட்டாமல் விட்டுவையுங்கள்.