பனிப்பாறை கடல்ல 5 நாள் காயக் கேம்பிங்: துடுப்பு ஈஸி, கடல் ஏறுறதும் வாசனையும்தான் கஷ்டம்

(திரை: டென்ட்டுக்குள்ள, ராத்திரி, ஆனா வெளிய இன்னும் சாம்பல் வெளிச்சம்)

ராத்திரி 11 மணி. ஜூன் மாசம்ங்கறதால இன்னும் முழுசா இருட்டல. ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள புகுந்து ஜிப்பெல்லாம் போட்டு படுத்தாச்சு, குளிருதேன்னு ஜாக்கெட் பாக்கெட்ல கைய விட்டா ஒரு இஞ்சி மிட்டாய். அல்சூர் மார்க்கெட்ல ஃப்ளைட்டுக்குன்னு வாங்கினது. நான் தம்பிய உலுக்குறேன், "டேய், பாக்கெட்ல மிட்டாய் இருக்குடா." "தின்னுட்டு தூங்குக்கா." "தின்னாலும் வாசனை வரும்டா, எழுந்திரு." அவன் திட்டிக்கிட்டே எழுந்தான், ரெண்டு பேரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, "கரடி சார், நாங்கதான் வர்றோம், மனுஷங்க வர்றோம்"னு சத்தமா பேசிக்கிட்டே நூறு கஜம் நடந்து போய் ஒரு மிட்டாய கரடி திறக்க முடியாத டப்பால போட்டு பூட்டிட்டு வந்தோம்.

வணக்கம் மக்களே. இந்த ட்ரிப்ப பத்தி ஆஃபீஸ்ல கேட்ட எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, காயக், அதான் அந்த ஒல்லியான துடுப்புப் படகு, அத ஓட்ட முன்னாடியே தெரியணுமா, கை வலிக்காதா. நியாயமான கேள்விதான், ஆனா அது ஒரு நாளைக்கு நாலு மணி நேரத்துக்கான கேள்வி. மிச்சம் இருக்கற இருபது மணி நேரத்துல உங்க வாழ்க்கைய முடிவு பண்றது ரெண்டு விஷயம், கடல் மட்டம் எவ்வளவு ஏறி இறங்குது, உங்க கிட்ட என்ன வாசனை வருது. இந்த வீடியோல அதைத்தான் அதிகமா பேசப்போறேன், துடுப்புக்கு ரெண்டு நிமிஷம் போதும்.

(திரை: மேப், பெங்களூர்ல இருந்து கோடு நீளுது)

இடம் அலாஸ்கால இருக்கற க்ளேசியர் பே நேஷனல் பார்க். விசாவுக்கு சென்னை போய் வந்து, பெங்களூர்ல இருந்து ஃப்ளைட் மாறி மாறி சியாட்டில், அங்கிருந்து ஜூனோ. ஜூனோ அலாஸ்காவோட தலைநகரம், ஆனா வெளிய இருந்து அந்த ஊருக்கு ரோடே கிடையாது, ப்ளேன் இல்லன்னா கப்பல். அங்கிருந்து குட்டி ப்ளேன்ல குஸ்தாவஸ்னு ஒரு சின்ன ஊர், அதுக்கு 10 மைல் தள்ளி பார்ட்லெட் கோவ், பார்க்கோட ஆஃபீஸ் அங்கதான். சில்க் போர்டு ட்ராஃபிக்ல உக்காந்து பழகினதுனாலயோ என்னவோ பயணம் எனக்கு பெருசா தெரியல.

இந்த விரிகுடாவோட கதைய கேட்டுட்டு போனா அங்க பாக்கற ஒவ்வொரு கல்லும் வேற மாதிரி தெரியும். 1794ல இங்கிலீஷ் கடற்படை கேப்டன் ஜார்ஜ் வான்கூவரோட ஆளுங்க அந்தப் பக்கம் வந்தப்போ அங்க விரிகுடான்னு சொல்ற அளவுக்கு ஒண்ணும் இல்ல, கரையில ஒரு சின்ன பள்ளம், அதுக்கு பின்னாடி ஐஸ் சுவர். 1879ல ஜான் மியூர்னு ஒரு இயற்கை ஆய்வாளர், அந்தப் பக்கத்து பூர்வகுடிகளான ட்லிங்கிட் மக்களோட கனூங்கற மரப்படகுல வந்து பாத்தப்போ ஐஸ் 50 கிலோமீட்டருக்கு மேல பின்னாடி போயிருந்தது. 1916ல கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர். நூத்தி இருபது வருஷத்துல, நம்ம பெங்களூர்ல இருந்து மாண்டியா போற தூரம் ஐஸ் கரைஞ்சு கடலாயிருக்கு.

ஆனா அது ஆளில்லாத இடம் கிடையாது. ஹூனா ட்லிங்கிட் மக்களோட ஊருங்க அங்க இருந்தது, 1700கள்ல ஐஸ் முன்னாடி தள்ளி வந்தப்போ வீட்ட விட்டுட்டு ஓட வேண்டியதாச்சு. ஐஸ் திரும்ப பின்வாங்கின பிறகு அவங்க அந்த இடத்துக்கு வச்ச பேரோட அர்த்தம், பனிப்பாறை இருந்த எடத்துல வந்த விரிகுடா. 2016ல பார்ட்லெட் கோவ்ல அவங்களோட மரபு வீடு ஒண்ணு திறந்தாங்க, போனா அவசரப்படாம உள்ள போய் பாருங்க, நிறைய பேர் டாய்லெட் எங்கன்னு கேட்டுட்டு நேரா படகுக்கு போயிடறாங்க.

இன்னொரு வேடிக்கை, மேல உக்காந்திருந்த ஐஸோட பாரம் போனதால நிலமே மெல்ல எழும்புது. பஞ்சு மெத்தைல இருந்து ஆள் எழுந்த மாதிரி. அந்தப் பக்கத்துல வருஷத்துக்கு ஒரு இன்ச் கணக்குல தரை உயருது.

(திரை: பார்ட்லெட் கோவ், டப்பாக்கள் வரிசையா)

கேம்பிங் பண்ற எல்லாரும் முதல்ல பார்க் ஆளுங்க நடத்தற வகுப்புல உக்காரணும், பெர்மிட் வாங்கணும். அப்பறம் கரடி டப்பா. பாக்கறதுக்கு நம்ம ஊர் மாவு டப்பா சைஸ்ல கருப்பு பிளாஸ்டிக் உருளை, மூடிய திறக்க ஒரு காசு வச்சு திருகணும், கரடிகிட்ட காசு இல்லைங்கறதுதான் அதோட டெக்னாலஜி. சாப்பாடு மட்டும் இல்ல, டூத்பேஸ்ட், சன்ஸ்க்ரீன், லிப் பாம், குப்பை, வாசனை வர்றது எல்லாமே உள்ள. அங்க கருப்பு கரடியும் இருக்கு, ப்ரௌன் கரடியும் இருக்கு, ரெண்டுக்கும் மூக்குதான் கண்ணு.

நான் பெருமையா பருப்புப் பொடி, ஊறுகாய், பெருங்காயம் போட்ட புளியோதரை மிக்ஸ்னு ஒரு கிலோ கொண்டு போயிருந்தேன். எங்க கைடு ஒரு இளம் பொண்ணு, பெருங்காய டப்பாவ மோந்து பாத்துட்டு ரெண்டு நிமிஷம் பேசவே இல்ல. அப்பறம் அதுக்குன்னு தனி பை, அந்த பைக்குள்ள இன்னொரு பை, அதுக்கப்பறம் டப்பா. நாலாவது நாள் பருப்புப் பொடி போட்ட சோற முதல்ல தட்டுல வாங்கினது அந்தப் பொண்ணுதான், அது வேற கதை.

மறுநாள் காலைல டூர் படகு காயக்கையும் ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு போய், முன்னாடியே குறிச்சு வச்ச கரையில இறக்கி விட்டுட்டு போயிடுது. படகு சத்தம் மறைஞ்சதும் ஒரு அமைதி வரும் பாருங்க, பெங்களூர்ல அது பவர் கட் ஆன ராத்திரி மூணு மணிக்கு கூட கிடைக்காது.

(திரை: ரெண்டு பேர் உக்கார்ற காயக், மேல இருந்து)

சரி, துடுப்பு. கைடோட போற ட்ரிப்ல பெரும்பாலும் டபுள் காயக்தான், பின்னாடி உக்கார்றவங்க கால்ல பெடல் அமுக்கி சுக்கான திருப்புவாங்க, முன்னாடி இருக்கறவங்க வேகத்த முடிவு பண்ணுவாங்க. காயக்காரங்க இதுக்கு வச்சிருக்கற பட்டப்பேரு டைவர்ஸ் படகு. நாங்க அக்கா தம்பி, அந்த வசதியும் இல்ல. கையால இழுத்தா அரை மணில தோள் போயிடும், இடுப்ப திருப்பி முதுகால இழுக்கணும், காலால உள்ள உதைச்சுக்கணும். ராமேஸ்வரத்துல ரெண்டு நாள் கடல் காயக்கிங் பண்ணிட்டு போனது எனக்கு போதுமா இருந்தது. காயக்ங்கறது ஆர்க்டிக் பக்கத்து மக்கள் சீல் தோல சட்டத்து மேல இழுத்துத் தைச்சு கண்டுபிடிச்ச வேட்டைப் படகு. நாம கட்டுமரத்த கொடுத்து இங்கிலீஷ்காரன் அத கேடமரான் ஆக்கின மாதிரி அவங்க வார்த்தையும் உலகம் பூரா போயிடுச்சு.

உக்கார்ற ஓட்டைய மூட இடுப்புல ஒரு பாவாடை மாதிரி மாட்டுவாங்க, அதோட முன்னாடி ஒரு வளையம் இருக்கும். அந்த வளையம் கண்டிப்பா வெளிய தெரியணும். காயக் கவுந்தா அத புடிச்சு இழுத்தாதான் வெளிய வர முடியும், உள்ள மடிஞ்சு போச்சுன்னா தலைகீழா தொங்கிக்கிட்டு தேட வேண்டியதுதான். தம்பி கெளம்பறதுக்கு முன்னாடி தினமும் "வளையம்?"னு கேப்பான், நான் "வளையம்"னு சொல்லணும், ப்ளேன் பைலட் மாதிரி.

ஏன் இவ்வளவு பயம்னா தண்ணி. ஐஸ் பக்கத்துல அது பூஜ்யத்துக்கு சில டிகிரிதான் மேல. குளிர் தண்ணிக்கு 1-10-1னு ஒரு கணக்கு சொல்லித்தருவாங்க. விழுந்த முதல் 1 நிமிஷம் மூச்சு உங்க கட்டுப்பாட்டுல இருக்காது, அத அடக்கணும். அடுத்த 10 நிமிஷம் கை கால் சொன்னபடி கேக்கும், அதுக்குள்ள படகுல ஏறிடணும். நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும், அதுவும் லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தாத்தான். அதனால காட்டன் எதுவும் வேணாம், ஜீன்ஸ் சுத்தமா வேணாம், நனைஞ்சா காயாது. உல்லன், ஃப்ளீஸ், மேல மழை கோட். மழை தினமும் வரும், கோவப்படாதீங்க.

(திரை: நீல ஐஸ், கேமரா கிட்ட போகுது)

மூணாவது நாள் லாம்ப்ளூ க்ளேசியர், மலையில இருந்து கடல் வரைக்கும் இறங்கி வர்ற ஐஸ் ஆறு. சத்தியமா அந்த நீலம் ஃபில்டர் இல்ல. காலங்காலமா அமுங்கி அமுங்கி காத்துக் குமிழி நசுங்கிப் போன ஐஸ் சிவப்பு வெளிச்சத்த உறிஞ்சிட்டு நீலத்த மட்டும் வெளிய விடுது. சுத்தி மிதக்கற சின்ன ஐஸ் துண்டு பக்கத்துல காத வச்சா சோடா பாட்டில் திறந்த மாதிரி சட் சட் சட்னு சத்தம், பழைய காத்து வெடிச்சு வெளிய வருது. அழகா இருக்கேன்னு பெரிய துண்டு பக்கத்துல போகக்கூடாது, பெரும்பகுதி தண்ணிக்கு அடியிலதான், நினைச்ச நேரத்துல புரளும். மேல சீல் குட்டியோட படுத்திருந்தா இன்னும் தள்ளி போகணும், பயந்து தண்ணில குதிச்சா குட்டி தாய விட்டு பிரிஞ்சிடும்.

க்ளேசியர் சுவர்ல இருந்து கால் மைல் தள்ளியே நிக்கணும். அது உடையற சத்தத்துக்கு ட்லிங்கிட் மக்கள் வெள்ளை இடின்னு பேர் வச்சிருக்காங்க. முதல்ல ஐஸ் விழறத கண்ணு பாக்கும், ஒரு நொடி கழிச்சுத்தான் காதுக்கு வரும், அப்பறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே இல்ல, போட்டோ எடுத்து முடிச்சு ஃபோன உள்ள வைக்கும்போது அலை வரும். காயக்க அலை பக்கம் திருப்பி நேரா வாங்கிக்கணும். கரையில இருந்தா காயக்க மேல இழுத்து கட்டியிருக்கணும், இல்லன்னா நடந்து வீட்டுக்கு போகணும், ரோடுதான் இல்லையே.

இப்போ நான் சொல்ல வந்த மெயின் மேட்டர், கடல் ஏறுறது. மெரினாவுல கடல் ஏறி வத்தறது சுமார் ஒரு மீட்டர், நாம கவனிக்கறதே இல்ல. க்ளேசியர் பேல 25 அடி வரைக்கும் போகும். ரெண்டு மாடி வீட்ட ஆறு மணி நேரத்துல முழுங்கிட்டு அடுத்த ஆறு மணில துப்புற கடல். சாயந்திரம் நீங்க இறங்கின கரைக்கும் ராத்திரி 2 மணிக்கு இருக்கற கரைக்கும் சம்பந்தமே இல்ல. அதனால டென்ட் போடறதுக்கு முன்னாடி கடல்பாசி காஞ்சு கோடு மாதிரி கெடக்கற இடத்த தேடணும், நேத்து தண்ணி அது வரைக்கும் வந்திருக்கு. அதுக்கும் மேல, புல்லு இருக்கற பக்கம், அப்பறம் கடல் ஏறி இறங்கற நேரமும் உயரமும் போட்டிருக்கற அட்டவணைய பாத்து இன்னைக்கு நேத்த விட அதிகமான்னு சரி பாக்கணும்.

சமையல் மட்டும் இதுக்கு நேர் எதிர், தண்ணி வந்து கழுவிட்டு போற இடத்துலதான் அடுப்பு, சிந்தின பருக்கை வாசனைய கடலே எடுத்துட்டு போயிடும். ஒண்ணுக்கு போறதும் அங்கதான், கூச்சம் முதல் நாளோட போயிடும்.

காலைல தண்ணி வத்தியிருந்தா தண்டனை. டென்ட்ல இருந்து தண்ணிக்கு ஒரு தெரு தூரம், பூரா வழுக்கற பாசியும் கால கிழிக்கற சிப்பியும். சாமானோட காயக்க தூக்கினா உடைஞ்சிடும், அதனால வெறும் காயக்க நாலு பேர் தூக்கி, திரும்ப வந்து ஒவ்வொரு பையா, டப்பாவா சுமக்கணும். அதனாலதான் ஒரு பெரிய பைக்கு பதிலா சின்ன சின்ன வாட்டர்ப்ரூஃப் பைங்க, காயக்கோட மூடி வழியா பெருசு நுழையவும் நுழையாது. எங்க கைடு சில நாள் காலை 4 மணிக்கே எழுப்பினாங்க, தண்ணி வாசல்லயே இருக்கறப்போ கெளம்பினா அந்த சுமை இல்ல. தம்பி மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கல, கடல் ஏறும் வரைக்கும் தூங்கலாமேன்னு ஒரே வாதம், மத்தியானம் ஐஸ் பக்கத்துல இருந்து காத்து எதிர்ல அடிச்சப்போதான் வாய மூடினான்.

(திரை: கல்லு கரை, தூரத்துல படகு)

கடைசி நாள் குறிச்ச நேரத்துக்கு ஒரு மணி முன்னாடியே பைங்கள அடுக்கி வச்சுக்கிட்டு கரையில உக்காந்திருந்தோம். எங்கயோ திமிங்கலம் மூச்சு விடற சத்தம், ஹம்ப்பேக், குளிர்காலத்துல ஹவாய் போய்ட்டு சாப்பிட மட்டும் இங்க வர்றது, கண்ணுல படல, சத்தம் மட்டும் தண்ணி மேல வழுக்கிக்கிட்டு வருது. அப்பறம் படகு வந்து மூக்க கல்லுல மோத விட்டு நிறுத்தி, முன்னாடி ஒரு ஏணிய இறக்கினாங்க. பாதி ஏறும்போதே உள்ள இருந்து காபி, பொரிச்ச வெங்காயம், யாரோ போட்ட சென்ட், எல்லாம் சேர்ந்து மூஞ்சில அடிச்சது. கீழ நின்னுக்கிட்டிருந்த தம்பி மேல பாத்து கத்தறான், "அக்கா, இவங்க எல்லாரையும் டப்பால போடணும்க்கா."