மலைநாட்டு வீட்டில் ஒரு பெரிய பாலுடேரியம்

நேயர்களுக்கு வணக்கம். பாதி நீரும் பாதி நிலமுமாக அமையும் பெரிய கண்ணாடித் தொட்டியாகிய பாலுடேரியத்தை மலைநாட்டு வீடொன்றில் திட்டமிட்டுக் கட்டுவது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாதாரண மீன் தொட்டியில் மீனும் நீர்த்தாவரமும் இருக்கும். பாலுடேரியத்திலோ அடியில் ஒரு சிறு குளம், அதன் கரையில் மண், பின்சுவர் முழுதும் பாசியும் பன்னமும், விரும்பினால் ஒரு சிற்றருவியும் இருக்கும்.

இதற்குக் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை, குளிர்காலம் முழுதும் அறையைச் சூடாக்கி, அதனால் காற்று உலர்ந்துபோகும் ஐரோப்பிய, வட அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தொட்டிக்குள் ஈரத்தைப் பிடித்து வைப்பதே அவற்றின் கவலை. நுவரெலியாவிலும் ஹட்டனிலும் ஜன்னலைத் திறந்தால் மூடுபனி தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்திலே பூஞ்சணம் பூக்கிறது. ஆகவே இங்கே தொட்டி கட்டுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நீரும் ஈரமும் எந்த வழியாக வெளியே போகும் என்பதுதான். அழகைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

அதற்கும் முன்னதாகப் பாரத்தைக் கணக்கிட வேண்டும். 150 சென்டிமீற்றர் நீளம், 60 அகலம், 120 உயரம் கொண்ட தொட்டியில் 30 சென்டிமீற்றர் ஆழத்துக்கு நீர் நிரப்பினால் அது 270 லீற்றர், அதாவது 270 கிலோ. 10 மில்லிமீற்றர் கண்ணாடி ஒரு சதுர மீற்றருக்கு 25 கிலோ நிறையுடையது என்பதால், கண்ணாடி மட்டும் ஏறத்தாழ 150 கிலோ வரும். கல், மண், மரம், இரும்புத் தாங்கி ஆகியவற்றையும் கூட்டினால் அரைத் தொன்னைத் தாண்டிவிடும். பழைய பங்களாக்களின் பலகைத் தளத்திலோ, உறுதி தெரியாத மேல்மாடியிலோ இதை வைக்க நினைப்பவர், கட்டடம் தெரிந்த ஒருவரை அழைத்துக் காட்டிவிட்டு முடிவெடுப்பது நல்லது. நிலத்தோடு ஒட்டிய சீமெந்துத் தரைதான் எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. ஆனால் அதிலும் மலைநாட்டுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. சரிவை வெட்டி, வெட்டிய மண்ணை முன்பக்கம் கொட்டிச் சமப்படுத்தி எழுப்பிய வீடுகளே இங்கு அதிகம். அப்படிப்பட்ட வீட்டில் நிரப்பிய மண்ணின் மேலுள்ள பகுதி ஆண்டுக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். தரையில் கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்வு ஏற்பட்டாலும் கண்ணாடி முறுக்கிக்கொள்ளும், ஒட்டு விடும். எனவே மலையை வெட்டிய பக்கத்து அறையிலேயே தொட்டிக்கு இடம் ஒதுக்குங்கள்.

கண்ணாடியின் தடிப்பை நிர்ணயிப்பதில் முக்கியமானது நீரின் ஆழமே தவிர தொட்டியின் உயரம் அன்று. அதனால் 120 சென்டிமீற்றருக்கு நீர் நிறைந்த மீன் தொட்டிக்குத் தேவைப்படும் தடிப்பு இங்கே தேவையில்லை. எனினும் நீர் ஒருபோதும் மேலே ஏறிவிடாதபடி, நினைத்த நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பின்கண்ணாடியில் துளையிட்டு ஒரு வழிகுழாய் வைத்து, அதை வீட்டுக்கு வெளியே உள்ள கானில் கொண்டுபோய் விட வேண்டும். கண்ணாடிகளை ஒட்டுவதற்கு முன்பே துளையைப் போட வேண்டும். பிறகு போடுவது கண்ணாடியைப் பந்தயம் கட்டுவதற்குச் சமம். ஒட்டுவதற்குப் பூஞ்சணக் கொல்லி சேர்க்காத சிலிக்கனையே கேட்டு வாங்குங்கள். வினாகிரி வாசனை முற்றாகப் போகும் வரை காத்திருந்து, பின்னர் முற்றத்தில் வைத்து நீர் நிரப்பிச் சில நாட்கள் கசிவு பார்த்துவிட்டே வீட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

இனிக் காற்று. முன்கதவுக்குக் கீழே, நீர்மட்டத்துக்கு மேலாக, தொட்டியின் நீளவாக்கில் நான்கு சென்டிமீற்றர் உயரமுள்ள ஒரு வலைத் திறப்பும், மேல்மூடியில் பின்பக்கமாக இன்னொரு வலைத் திறப்பும் வையுங்கள். விளக்கினால் சூடாகும் காற்று மேலே வெளியேற, கீழ்த் திறப்பால் புதுக் காற்று நுழைந்து முன்கண்ணாடியைத் தடவியபடி மேலெழும். கண்ணாடியில் நீராவி படியாமல் உள்ளே இருப்பது தெளிவாகத் தெரியும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், கணினிக்குள் பொருத்தும் 12 வோல்ட் சிறுவிசிறி ஒன்றையும் மேல் வலையில் சேர்க்க வேண்டியிருக்கும். பண்டாரவளை நேயர்களுக்கு நிலைமை நேர்மாறு. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தரும் அந்த யூலை, ஓகஸ்ட் மாத வறண்ட காற்றில் பாசி கருகிவிடும் என்பதால், மேல் வலையை ஒரு கண்ணாடித் துண்டினால் முக்கால்வாசி மூடிவிடலாம். தொட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் பொது. ஒரு கை நுழையும் இடைவெளி விட்டால்தான் வீட்டுச் சுவர் ஊறாது.

நிலப்பகுதியை முழுக்க முழுக்க மண்ணால் நிரப்புவது வீண் பாரம். பி.வி.சி. குழாய்த் துண்டுகளைக் கால்களாக நிறுத்தி, மேலே பிளாஸ்டிக் கட்டத்தட்டும் நுண்வலையும் விரித்து, அதன்மேல் மண்ணைப் பரப்பினால் போதும். மண்ணுக்கடியில் நீர் தங்காமல் குளத்தோடு கலந்து ஓடும். பின்சுவரை ரெஜிபோமில் செதுக்கி, சிலிக்கன் பூசி, அதன்மேல் உலர்ந்த தும்புத்தூளை அழுத்தி ஒட்டுவதே எனக்குப் பிடித்த முறை. சீமெந்து பூசுவோரும் உளர். அதிலிருந்து காரம் கசிந்துகொண்டே இருப்பதால் நீரைப் பல முறை மாற்றி ஊறவைக்காமல் உயிர் எதையும் விட இயலாது. ரெஜிபோம் மிதக்கும் பொருள் என்பதையும் மறக்கலாகாது. நீருக்குள் அமிழும் பகுதியை நன்றாக ஒட்டாவிட்டால் முழுச் சுவரும் பெயர்ந்து மேலே வரும்.

தரையில் நீர் சொட்டுகிறதே, கண்ணாடி வெடித்துவிட்டதோ என்று பதறுபவர்கள் முதலில் பாசியைப் பார்க்க வேண்டும். செழித்து வளரும் பாசி கண்ணாடி விளிம்பைத் தாண்டி வெளியே ஒரு விரல்நுனி அளவு எட்டிவிட்டால், விளக்குத்திரி எண்ணெயை இழுப்பதுபோல் நீரை இழுத்து வெளியே சொட்டவிடும். ஓர் இரவில் அரை வாளி நீரைக்கூட அது இறக்கிவிடக்கூடும். கத்தரிக்கோலால் விளிம்பைச் சுத்தமாக வைத்திருந்தால் தீர்ந்தது. வெளியிலிருந்து பாசி கொண்டுவருவோர், அதை மூடிய பெட்டியில் சில வாரம் தனியே வைத்துப் பார்ப்பது நல்லது. எங்கள் ஊர்ப் பாசியோடு அட்டையும் விருந்தாளியாக வந்து சேரும்.

மரத்துக்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. மறுநடுகைக்காகப் பிடுங்கி விறகாகப் போகும் முதிய தேயிலைத் தூர், முறுக்கேறிய கிளைகளோடு, விலைகொடுத்து வாங்கும் மரத்தைவிட அழகாக இருக்கும். ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1946இல் இலங்கைக்கு வந்து சேர்ந்த கொப்புள நோயைக் கட்டுப்படுத்தத் தேயிலைச் செடிகளுக்குச் செப்புச் சேர்ந்த மருந்துகள் தெளிக்கப்பட்டு வந்திருக்கின்றன. மனிதருக்குத் தெரியாத அளவு செப்புக்கூட இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எனவே பட்டையை முழுதாக உரித்து, கொதிக்கவைத்து, வாரக்கணக்கில் நீர் மாற்றி ஊறப்போட்டு, அந்த ஊறல் நீரில் இரண்டொரு நத்தையை விட்டுப் பார்த்த பின்னரே தூரைத் தொட்டியில் வைக்க வேண்டும். தேயிலை மலைக்குக் கீழே ஊறும் பீலித் தண்ணீரையும் இதே எச்சரிக்கையோடுதான் எடுக்க வேண்டும். குழாய் நீரில் உள்ள குளோரின் அதில் இல்லை என்பது மட்டுமே ஆறுதல்.

நீரைச் சுத்தமாக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. 25 பாகை செல்சியசில் அவை நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் போதும் என்பார்கள்; நுவரெலியாக் குளிரில் உயிரினங்களை விடுவதற்கு அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்தில் தாவரங்களை வேரூன்ற விடலாம். உலகமெங்கும் மீன் தொட்டிகளில் வளர்க்கப்படும் கிரிப்டோகோரைன் வென்டிற்றி நம் நாட்டுக்கே உரிய தாவரம். நாற்றுமேடையிலிருந்து வந்த புதிதில் அதன் இலைகள் கூழாகக் கரைந்து போகும்; பிடுங்கி எறிந்துவிடாதீர்கள், கிழங்கிலிருந்து புதுத் துளிர் வரும்.

மின்சார விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ட்ரிப் சுவிட்ச் இல்லாத இணைப்பில் எதையும் சொருகக் கூடாது. வயர் சொருகிக்குக் கீழே தாழ்ந்து வளைந்து பிறகு மேலேற வேண்டும், அப்போது வழியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். அருவிக்கான பம்பை வாங்கும்போது, பெட்டியில் அச்சிட்ட அளவு நீரை உயர்த்தாத நிலையில் கிடைப்பது என்பதை நினைவில் வைத்து, உங்கள் அருவியின் உயரத்தில் எவ்வளவு கிடைக்கும் என்று கேளுங்கள். 2022இன் நீண்ட மின்வெட்டுகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பம்ப் நின்றதும் குழாயிலும் சுவரிலும் உள்ள நீரெல்லாம் குளத்துக்கே திரும்பும் என்பதால், அதற்கென்று சில சென்டிமீற்றர் இடம் விட்டே நீர்மட்டத்தை நிர்ணயிக்க வேண்டும்.

கடைசியாக உயிரினங்கள். ஹோட்டன் சமவெளியிலோ அருகிலுள்ள ஓடையிலோ தவளையையும் ஓணானையும் பிடித்து வந்து விடலாம் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம். நம் நாட்டுக்கே உரிய பல தவளைகளும் ஓணான்களும் நன்னீர் மீன்களும் 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் காப்பில் உள்ளன. பண்ணையில் பெருக்கிய செர்ரி பார்ப் கிடைத்தால் வளர்க்கலாம். அது தாழ்நிலத்து மீன் என்பதால் நுவரெலியாவில் 200 வொட்டுக்குக் குறையாத சூடாக்கி தேவைப்படும், மின்பட்டியலும் ஏறும். சூடாக்கியே வேண்டாம் என்போருக்குத் தென்சீனத்து வயிட் கிளவுட் மின்னோ ஏற்றது. நான்கு சென்டிமீற்றருக்கு மேல் வளராத அந்த மீன் 16 பாகையிலும் சுறுசுறுப்பாக ஓடித் திரியும். பத்து மீன்களும் கொஞ்சம் செர்ரி இறாலும் அந்தக் குளத்துக்குத் தொடக்கத்தில் போதும். இறாலை முதலில் விட்டு, அவை சில வாரம் உயிரோடு மேய்வதைப் பார்த்த பிறகு மீனை விடுங்கள். நன்றி, வணக்கம்.