80 டிகிரியில் பாக்டீரியா வெந்து போகாதா?

அடுத்த கேள்வி. வெப்பம் விரும்பும் பாக்டீரியா ஹைட்ரஜன் தரும் என்று போன வீடியோவில் சொல்லியிருந்தேன். அதற்கு ஒருவர் கேட்கிறார்: "இட்லி மாவு அடுப்பில்லாமலே புளித்துப் பொங்குகிறது. இதற்கு மட்டும் ஏன் 80 டிகிரி? அந்தச் சூட்டில் பாக்டீரியா வெந்து போகாதா?"

மாவில் இருக்கிற பாக்டீரியா வெந்துதான் போகும். அதைப் பொங்க வைப்பதும் ஹைட்ரஜன் இல்லை, கரியமில வாயு. நான் சொன்னது தெர்மோடோகா மாரிடிமா. இத்தாலியின் வுல்கானோ தீவை ஒட்டி, எரிமலை சூடாக்கும் கடலடி மண்ணில் கிடைத்தது. 1986-இல் அதைப் பற்றி எழுதினார்கள். அதற்கு 80 டிகிரிதான் சுகம், 90 வரை வளரும், 55-க்குக் கீழே வளராது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சின்னத் தலையணைக்குப் பெரிய உறை போட்ட மாதிரி, அதன் வெளியுறை இரண்டு முனையிலும் தொளதொளவென்று நிற்கும். அதனால்தான் ரோமானியர் போர்த்திய டோகா ஆடையின் பெயர்.

சரி, சூடு எதற்கு? சர்க்கரையை உடைத்தால் எலெக்ட்ரான்கள் மிஞ்சும். நாம் அவற்றை ஆக்சிஜன் தலையில் கட்டிவிடுகிறோம். இந்த பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழ்வது. அதனால் எலெக்ட்ரான்களை நீரில் இருக்கும் ஹைட்ரஜன் அயனிகளிடம் கொடுத்து, ஹைட்ரஜன் வாயுவாக வெளியே தள்ளுகிறது. குறைந்த சூட்டில் இந்த வேலை மேட்டில் வண்டி தள்ளுவது போல. சூடு ஏற ஏற மேடு குறையும். அதனால் ஒரு குளுக்கோஸுக்கு 4 ஹைட்ரஜன் மூலக்கூறு வரை கிடைக்கும். கூடவே இரண்டு அசிட்டிக் அமிலம், இரண்டு கரியமில வாயு. சாதாரண சூட்டில் வாழும் பாக்டீரியாவிடம் பெரும்பாலும் 2-ஐத் தாண்டுவதே பாடு.

ஆனால் வந்த ஹைட்ரஜன் வெளியேறாமல் பாத்திரத்திலேயே தேங்கினால், மேடு திரும்ப வந்துவிடும். அப்போது அது எலெக்ட்ரான்களை லாக்டிக் அமிலத்துக்குத் திருப்பிவிடும், ஹைட்ரஜன் குறையும். அதனால்தான் ஆய்வகத்தில் நைட்ரஜனைக் குமிழ் விட்டு, ஹைட்ரஜனை அப்போதைக்கப்போது அடித்து வெளியேற்றுகிறார்கள். ஆக்சிஜன் போய்விட்டதா என்று பார்க்க ரெசாசூரின் சாயம் சேர்ப்பார்கள். இளஞ்சிவப்பு மறைந்து நிறமே இல்லாமல் போனால்தான் பாக்டீரியாவை உள்ளே விடுவார்கள்.

அப்படியானால் ஹைட்ரஜன் வேண்டுமென்றால் லாக்டிக் அமிலத்தை விட்டுவிட வேண்டியதுதானா? நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நேப்பிள்ஸ் அருகே கடலடி வெந்நீர் ஊற்றில் கிடைத்த தெர்மோடோகா நியாபொலிடானா அதைப் பொய்யாக்கியது. நைட்ரஜனுக்குப் பதில் கரியமில வாயுவைக் குமிழ் விட்டபோது, அந்த வாயுவையும் அசிட்டிக் அமிலத்தின் பகுதியையும் சேர்த்து லாக்டிக் அமிலமாக்கியது. ஹைட்ரஜன் பெரிதாகக் குறையவும் இல்லை. இத்தாலியில் பொஸ்ஸுவோலி ஆய்வாளர்கள் கண்டது இது. லாக்டிக் அமிலத்தில் மக்கும் பிளாஸ்டிக் செய்யலாம் என்பதால் இதற்கு மதிப்பு உண்டு.

தொட்டியைச் சூடாக்கவே காசு கரையாதா என்றால், கரையும். அதனால் ஏற்கெனவே சூடாக வெளியேறும் ஆலைக் கழிவுநீரில் வைத்தால்தான் கணக்குச் சரிவரும் என்பது என் எண்ணம். சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.