ஒரு ஃபிரேம் பிந்தினால் பள்ளம்: பழைய வீடியோ கேம்களை அசல் கருவியில் ஆடுவது ஏன்?

[திரையில்: நிஞ்ஜா கைடன், ஆறாம் கட்டம். ரியூ பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறான்.]

டெக்மோ நிறுவனம் 1988இல் ஜப்பானில் வெளியிட்ட நிஞ்ஜா கைடன் விளையாட்டின் ஆறாம் கட்டத்தை இப்போது பார்க்கிறீர்கள். நாயகன் ரியூ பள்ளத்தைத் தாண்டக் குதிக்கும் அதே வேளையில் எதிர்ப்புறத்திலிருந்து ஒரு பறவை பாய்ந்து வருகிறது. அது மோதினால் உயிர்க்கோடு சற்றுக் குறைவதோடு போகாமல், அவன் பின்னோக்கித் தள்ளப்பட்டு நேரே பள்ளத்தில் விழுகிறான். பறவையை வெட்டிவிட்டு, சில அடிகள் பின்வாங்கி மூச்சு வாங்கலாம் என்றால், திரை நகர்ந்து திரும்பியதும் அதே பறவை மறுபடி கிளம்புகிறது. இத்தனையும் கடந்து இறுதி எதிரியிடம் தோற்றால், ஆறாம் கட்டத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பப்படுகிறோம்.

கொடுமைதான், ஆனால் இதில் ஏமாற்று இல்லை. திரை எந்த இடத்துக்கு நகரும்போது பறவை வரும் என்பது முன்பே முடிவானது. ஆகவே பாட்டுக்குத் தாளம் பழகுவதைப் போல விரலுக்கு அதைப் பழக்கலாம். அப்படிப் பழகிய தாளத்தைச் சில டிவிகளும் சில கருவிகளும் எவ்வாறு கெடுத்துவிடுகின்றன என்பதையே இந்தக் காணொளியில் பார்க்கப்போகிறோம்.

[திரையில்: ஃபேமிகாமின் உட்பலகை, அருகிலிருந்து]

இந்த விளையாட்டு ஓடும் கருவியான நின்டெண்டோவின் ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதன் அமெரிக்க வடிவமே என்இஎஸ். இதன் செயலிக்குரிய நினைவகம் வெறும் 2 கிலோபைட். முழுப் படத்தையும் முதலில் வரைந்து வைத்துக்கொண்டு பிறகு டிவிக்கு அனுப்பும் வசதி இதற்குக் கிடையாது. பழைய பெட்டி டிவியின் படக்குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக ஓடும்போதே, அந்தந்தப் புள்ளிக்குரிய நிறத்தைக் கருவி அந்தந்தக் கணத்தில் கணக்கிட்டுக் கொடுக்கிறது. இப்படி விநாடிக்கு ஏறத்தாழ 60 படங்கள் உருவாகின்றன. ஒரு படத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, சுமார் 16.6 மில்லிவிநாடி.

படக்குழாய் டிவி இந்தக் குறிப்பலையை எங்கும் நிறுத்தி வைப்பதில்லை. வந்ததை வந்தபடியே ஒளியாக்கிவிடுகிறது. தட்டை டிவியோ படத்தை உள்வாங்கி, தன் அளவுக்கு நீட்டி, மெருகேற்றி, அதன் பிறகே காட்டுகிறது. இந்த வேலையில் மூன்று நான்கு ஃபிரேம்கள் பிந்திவிடும் டிவிகளும் உண்டு. திரைப்படம் பார்க்கும்போது இது யாருக்கும் தெரியாது. நிஞ்ஜா கைடனில், பறவை திரையில் தெரியும்போது அது உண்மையில் அதைவிட அருகில் வந்திருக்கும். நாம் பொத்தானை அழுத்திய பலனும் தாமதமாகவே கண்ணுக்குத் தெரியும். தவறு தன் கைமேல்தான் என்று ஆடுபவர் நினைத்துக்கொள்வார்.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1990களில் நம் வீடுகளுக்குள் ‘டிவி கேம்’ என்ற பெயரில் நுழைந்தவற்றுள் பல, ஃபேமிகாமைப் போலச் செய்யப்பட்ட நகல் கருவிகள். இந்தியத் தொலைக்காட்சி முறைக்கேற்ப விநாடிக்கு 50 படங்கள் தரும்படி மாற்றப்பட்ட நகல்களில், 60 படங்களை எண்ணி எழுதப்பட்ட விளையாட்டு ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். செயலியின் வேகம் அசலுக்கு மிக நெருக்கமாக இருந்ததால் இசையின் சுருதி பெரிதாக மாறாது. தாளம் மட்டும் தளர்ந்துவிடும். எனவே சிறு வயதில் அப்படிப்பட்ட நகலில் கான்ட்ராவைக் கரைத்துக் குடித்த ஒருவர், இன்று அசல் ஃபேமிகாமில் அதே விளையாட்டைத் தொடங்கினால், எதிரிகள் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் பாய்வதைக் கண்டு திகைப்பார். வயதானதால் கை தளர்ந்துவிட்டது என்று அவர் வருந்தத் தேவையில்லை.

[திரையில்: என்இஎஸ் டெட்ரிஸ், நிலை 29]

ஃபிரேம் கணக்கு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, 1989இல் வந்த என்இஎஸ் டெட்ரிஸை விட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் இந்த ஆட்டத்தின் நிலை 29இல், கட்டை ஒரு ஃபிரேமுக்கு ஒரு வரிசை இறங்குகிறது. 20 வரிசைகளும் மூன்றில் ஒரு விநாடியில் முடிந்துவிடுகின்றன. திசைப் பொத்தானை அழுத்திப் பிடித்தால், முதல் நகர்வுக்குப் பின் 16 ஃபிரேம் காத்திருந்து, அதன் பிறகு 6 ஃபிரேமுக்கு ஒருமுறைதான் கட்டை பக்கவாட்டில் நகரும். ஓரத்துக்குப் போய்ச் சேரும் முன்பே அது தரையைத் தொட்டுவிடும் என்பதால், அந்த நிலையே ஆட்டத்தின் முடிவு என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது.

பிடித்திருப்பதற்குப் பதிலாகப் பொத்தானை அதிவேகமாகத் தட்டும் முறை முதலில் வந்தது. அடுத்து, கட்டைவிரலைப் பொத்தான்மீது வெறுமனே வைத்துக்கொண்டு, மறுகை விரல்களால் கண்ட்ரோலரின் பின்புறத்தைத் தபேலாவைப் போல் வரிசையாகத் தட்டும் ‘ரோலிங்’ முறை வந்தது. 2023 டிசம்பரில், 13 வயது அமெரிக்கச் சிறுவன் ஒருவன் இம்முறையில் ஆடி நிலை 157 வரை சென்று, ஆட்டத்தையே உறைய வைத்தான். மதிப்பெண் கணக்கை அடுத்த ஃபிரேம் தொடங்குவதற்குள் முடிக்க இயலாமல் நிரல் தடுமாறும் வாய்ப்பு அந்த உயரங்களில் உண்டு. மனிதனை முந்தும்படி வைத்த வேகத்தில், கடைசியில் கருவிதான் பின்தங்கியது.

[திரையில்: ஒரே விளையாட்டின் ஜப்பான், அமெரிக்கக் கேசட்டுகள்]

சேகரிக்கத் தொடங்குபவர்கள் பெயரை மட்டும் பார்த்துக் கேசட் வாங்கக் கூடாது. நிஞ்ஜா கைடன் மூன்றாம் பாகத்தின் அமெரிக்கப் பதிப்பில் தோற்ற பின் தொடரும் வாய்ப்புகளுக்கு வரம்பு உண்டு. ஜப்பான் பதிப்பு அவ்வளவு கடுமையானதன்று. காசில்வேனியா மூன்றாம் பாகத்தின் 1989 ஜப்பான் கேசட்டுக்குள் கூடுதல் ஒலித்தடங்கள் தரும் தனிச் சிப் ஒன்று உள்ளது. கேசட்டிலிருந்து வரும் ஒலியைக் கலக்கும் பாதை ஃபேமிகாமில் உண்டு, என்இஎஸ்ஸின் கேசட் வாயிலில் இல்லை. ஆகவே அமெரிக்கர்களுக்குக் கிடைத்தது மெலிந்த இசை. எனக்கு ஜப்பான் பதிப்பின் இசையே நிறைவானது.

வாங்கிய பிறகு முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகவே கூடாது. 10 வோல்ட் நேர்மின்னோட்டம் தரும் வேறு அடாப்டர் வாங்கினால், பின்னின் நடுப்பகுதி எதிர்முனையாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, கேசட்டை ஊதிப் போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஏனெனில் மூச்சின் ஈரம் செப்புத் தொடுமுனைகளை அரிக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்தால், குச்சியில் கறுப்பாக ஒட்டும் அழுக்கே காரணத்தைச் சொல்லிவிடும்.

மிஞ்சுவது டிவி. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய 14 அங்குல இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் படக்குழாய் வகையைச் சேர்ந்தவை. உறவினர் வீட்டுப் பரணில் ஒன்று இருந்தால் பழைய இரும்புக்குப் போடவிடாமல் கேட்டு வாங்குங்கள். பின்மூடியைத் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும். முதல் ஃபேமிகாமின் ஆன்டெனா இணைப்பு ஜப்பானிய அலைவரிசைக்கானது என்பதால், மஞ்சள் வயரில் படம் தரும் 1993 மாடலைத் தேடுவது நல்லது. படம் கறுப்பு வெள்ளையில் தெரிந்தால், அந்த டிவி ஜப்பானிய வண்ண முறையை அறியாது என்று பொருள். வண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பறவை தன் நேரத்துக்குத்தான் வரும்.