அடகுக் கடைக்குப் போன பரிசுப் பணம்

நடுவர் ஐயாவுக்கும் அவையோருக்கும் வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

ஆகாயக் கப்பல் ஓட்டிய பிரேசில்காரர் ஆல்பர்ட்டோ சாண்டோஸ் டூமோனை உயர்த்தியது துணிவா, ஈகையா? ஈகையே என்பது எங்கள் கட்சி. எதிரணித் தம்பி என்ன சொன்னார்? "அப்பாவுக்குக் காபித் தோட்டம். கொட்டிக் கிடந்தது, அள்ளிக் கொடுத்தார். இது ஒரு ஈகையா?" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். சரி தம்பி, முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியிடம் இருந்தது ஒரே ஒரு தேரா?

அவர் அள்ளிக் கொடுத்த பணம் வந்த கதையைக் கேளுங்கள். பாரிசில் ஒரு போட்டி. சேன் க்ளூவில் கிளம்பி, ஈஃபில் கோபுரத்தைச் சுற்றிவிட்டு அரை மணிக்குள் திரும்ப வேண்டும். 11 கிலோமீட்டர். பரிசு 1 லட்சம் பிராங்க். தலைக்கு மேல் ஹைட்ரஜன் பை, கூடவே பெட்ரோல் எஞ்சின், நிற்பதற்கு ஒரு பிரம்புக் கூடை. ஒரு பொறி போதும் ஐயா!

1901 ஜூலையில் போனார். எஞ்சின் நின்று, ஒரு சீமான் தோட்டத்து மரத்தில் மாட்டிக்கொண்டார். பக்கத்தில் குடியிருந்த பிரேசில் இளவரசி இசபெல், பிள்ளை பசியோடு இருப்பானே என்று மரத்துக்கே சாப்பாடு அனுப்பினார். அடுத்த மாதம் வாயு கசிந்து ஒரு ஹோட்டல் சுவரில் தொங்கினார். தீயணைப்பு வீரர்கள் மீட்டார்கள். அன்று மாலையே அடுத்த கப்பலுக்குச் சொல்லிவிட்டார், 22 நாளில் தயார். "இதுதான் துணிவு" என்று எதிரணி துள்ளுகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

அக்டோபர் 19. கோபுரத்தைச் சுற்றியாயிற்று. திரும்பும்போது எஞ்சின் திணறுகிறது. சுக்கானை விட்டுவிட்டு எஞ்சினைப் பார்க்கிறார். அரை மணி ஆகும் முன்பே எல்லைக் கோட்டைத் தாண்டுகிறார். "ஜெயித்தேனா?" என்று மேலிருந்து கேட்கிறார். "ஆமாம்!" என்று கூட்டம் கத்துகிறது. நடுவர்களோ, கீழே இருப்பவர்கள் கயிற்றைப் பிடிக்க 40 விநாடி தாமதம் என்கிறார்கள். நம் நடுவர் ஐயாவாக இருந்தால் அப்படிச் சொல்வாரா? பாரிஸ் கொதித்தது. இரண்டு வாரம் இழுத்து, பரிசைக் கொடுத்தார்கள்.

தம்பி, இது அப்பா பணமா? இரண்டு முறை சாவின் வாசல்வரை போய் வந்த பணம்! அதை என்ன செய்தார்? தன்னோடு உழைத்தவர்களுக்குப் பங்கு கொடுத்தார். இன்னொரு பங்கைப் பாரிஸ் காவல்துறைத் தலைவரிடம் கொடுத்தார். எதற்கு? தொழிலாளிகள் அடகு வைத்த கருவிகளை மீட்க! உளியையே அடகு வைத்தவன் வீட்டில் உலை எப்படிக் கொதிக்கும்? அந்த வீட்டுப் பெண்ணின் கண்ணீர் காபித் தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறதே ஐயா! மீட்ட இழைப்புளியைக் கையில் வாங்கும் அந்தத் தச்சரின் முகத்தை நினைத்துப் பாருங்கள். எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் டெமுவாசெல் என்ற குட்டி விமானத்தைச் செய்தார். காப்புரிமை கேட்கவில்லை. வரைபடத்தை ஊருக்கே கொடுத்தார்.

அந்த மனிதர் விமானங்கள் குண்டு போடுவதைப் பார்க்க நேர்ந்தது. போரில் அவை வேண்டாம் என்று 1926இல் உலக நாடுகள் சங்கத்திடம் மன்றாடினார். யார் கேட்டார்கள்? 1932 ஜூலை 23, பிரேசிலின் குவாருஜா கடற்கரை ஊரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். 59 வயது முடிந்து மூன்றே நாள்.

உடலைப் பதப்படுத்திய மருத்துவர் இதயத்தை மட்டும் எடுத்து வைத்தார். ரியோவின் விமானப்படை அருங்காட்சியகத்தில், ஒரு தங்க உருண்டைக்குள் அது இன்றும் இருக்கிறது. கொடுக்கத் தெரிந்த அந்த இதயத்தை மட்டும் மண்ணுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனம் வரவில்லை, ஐயா.