வளவு இருக்க வட்டிக் கடன் எதற்கு?

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம்.

'வட இலங்கையின் வன்னிக் குடும்பத்தைத் தாங்குவது வளவும் கைவேலையுமா, கடையும் சம்பளமுமா?' இதுதான் இன்றைய கேள்வி. வீட்டைச் சுற்றியுள்ள வளவும் கைவேலையுமே என்று வாதாட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி ஒரு கணக்குச் சொன்னார். பனையோலைப் பெட்டி இழைக்கும் நேரத்தில் ஒரு பெண் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனால் கூடக் காசு வரும், அந்தக் காசில் மரக்கறியும் வாங்கலாம், பிளாஸ்டிக் பெட்டியும் வாங்கலாம் என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். கணக்குச் சரிதான் தம்பி, கடை திறந்திருக்கும் நாளுக்கு!

1990இல் அரசாங்கம் வடக்குக்குப் போடத் தொடங்கிய பொருளாதாரத் தடையை இங்கே இருக்கிற அம்மாமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. மண்ணெண்ணெய், பற்றரி, சவர்க்காரம், உரம் எல்லாவற்றுக்கும் தடை. தப்பித் தவறி வந்ததும் யானை விலை, குதிரை விலை. அந்தக் காலத்தில் ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தது யார்? சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டது யார்? பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தது யார்? இந்தச் சபையில் இருப்பவர்கள்தான்.

அது யுத்த காலம், இப்ப ஏன் அந்தக் கதை என்று எதிரணி கேட்கும். சரி, 2022இன் பொருளாதார நெருக்கடிக்கு வருவோம். எரிவாயுவுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை. அந்த வருடம் ஜூன் மாதம் அரசாங்கமே தன் ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அறிவித்து, போய் வீட்டுத்தோட்டம் செய்யுங்கள் என்றது. மாதச் சம்பளம் கொடுக்கிற அரசாங்கமே வளவுக்குப் போ என்று சொன்ன பிறகு, எதிரணிக்கு இதில் என்ன வாதம் மிச்சம்?

இனி எங்கள் வளவுக்குள் வாருங்கள். கிணற்றடியில் வாழை, அந்த ஈரத்தில் வல்லாரை. பந்தலில் புடோலும் பயிற்றையும். கோடிக்குள் மரவள்ளி. வேலியில் முருங்கையும் கிளிசரியாவும். அந்தக் கிளிசரியா இலையும் ஆட்டெருவும் இருந்த வளவு, 2021இல் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோதும் காய்த்தது. வயல் வாடியது உண்மை. வீட்டுக் கத்தரி வாடவில்லை.

விதையை எடுத்துக்கொள்ளுங்கள். முற்றிப் பழுத்த கத்தரிக்காயைப் பிளந்து, விதையைக் கழுவி, சாம்பலில் பிரட்டிக் காயவிட்டுப் போத்தலில் போட்டால் அடுத்த போகத்துக்கு நாற்று இருக்கிறது. கடையில் வாங்கும் கலப்பின விதை அப்படி இல்லை. அதன் காயில் எடுத்த விதை தாயைப்போலக் காய்க்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு போகமும் பைக்கற் வாங்கத்தான் வேண்டும். எங்கள் ஆச்சிமாரின் சாம்பல் போத்தலுக்குள் இருந்தது சுதந்திரம் என்று நான் இந்த மேடையில் சத்தம் போட்டே சொல்வேன்.

பனையோலையும் அப்படித்தான். குருத்தோலையைக் காயவிட்டு, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து இழைத்தால் சுளகு, கடகம், நீத்துப்பெட்டி. நீத்துப்பெட்டியில் அவித்த பிட்டு ஏன் களியாவதில்லை? இழைகளுக்கு இடையால் ஆவி ஏறும், ஓலை மிஞ்சிய ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது பழுதானால் எருக்கும்பிக்குப் போகும். பிளாஸ்டிக் பெட்டி வெடித்தால் எங்கே போகும்? எங்கள் குளத்துக்குத்தான்.

இப்போது கடனுக்கு வருகிறேன். நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான். குடும்பம் ஒரே நாளில் கடனில் விழுவதில்லை. கீரை, தேங்காய், பச்சைமிளகாய் என்று சின்னச் சின்னதாகக் கடைக் கொப்பியில் ஏறும். கொப்பிக் கணக்கை அடைக்க நுண்கடன். அந்தத் தவணையைக் கட்ட இன்னொரு நுண்கடன். பிறகு கிழமைக்குக் கிழமை படலையில் தவணை வாங்க வருபவரின் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கும். அந்தச் சத்தம் கேட்டுப் பின் வேலியால் ஓடி ஒளிந்த பெண்களை எனக்குத் தெரியும். சம்பளம் வருகிற வீட்டிலும் இது நடக்கிறது. கறிக்குக் காசு தேடாத வீட்டில் அந்தக் கொப்பி மெதுவாகத்தான் நிரம்பும்.

எதிரணியில் பேசிய தங்கச்சி ஒன்று கேட்டார்: 'தண்ணீர் அள்ளுவதும் ஓலை வார்வதும் பெண்களின் தலையில்தானே விழுகிறது?' நியாயமான கேள்வி. ஆனால் அதற்கு மருந்து வளவை விடுவதா? ஆம்பிளைகள் மண்வெட்டியைத் தூக்குவதா? முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மாரே, வாளியை நீங்களும் பிடியுங்கள்.

தொழிற்சாலைக்குப் போகவேண்டாம் என்று எங்கள் அணி சொல்லவில்லை. போய்வருகிற பிள்ளைக்கு, அந்த வேலை நின்றுபோகிற மாதத்திலும் சோறும் கறியும் தருவது எது என்றுதான் கேட்கிறோம். 2009இல் யுத்தம் முடிந்தபின் முகாமிலிருந்து திரும்பி வந்து தறப்பாள் கொட்டில் போட்ட சனம், கல்வீடு வரும்வரை காத்திருக்காமல் முருங்கைத் தடியை நட்டது. நடுவர் அவர்களே, அந்தச் சனத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கம்.